ஏஎன்ஏ பாசிட்டிவ் என்றால் லூபஸா? ஆன்டிபாடி பரிசோதனைகள் பற்றி ஒரு விவாத இழை

நெல்லைத்தம்பி

வணக்கம். தங்கைக்காக எழுதுகிறேன். வயது 26, சென்னையில் வேலை பார்க்கிறாள். கொஞ்ச காலமாக விரல் மூட்டுகளிலும் முழங்காலிலும் வலி, முடி கொட்டுகிறது, எந்நேரமும் அசதி. வீட்டருகே ஒரு லேபில் மூட்டுவலிக்கான பேக்கேஜ் என்று இருந்ததை அவளே போய் எடுத்திருக்கிறாள். யூரிக் ஆசிட், முடக்குவாதத்துக்கான ஆர்ஏ ஃபேக்டர் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஏஎன்ஏ மட்டும் "பாசிட்டிவ், 1:100, ஃபைன் ஸ்பெக்கிள்ட், 1+" என்று வந்திருக்கிறது.

இணையத்தில் தேடினால் முதல் வரியிலேயே லூபஸ் என்று வருகிறது. உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோயாம் அது. சிறுநீரகம் போய்விடும், குழந்தை பெறுவது கஷ்டம் என்றெல்லாம் படித்துவிட்டு அழுதுகொண்டே இருக்கிறாள். வீட்டில் வரன் பார்க்கும் நேரம் வேறு. இந்த ரிப்போர்ட்டை யாரிடமும் காட்டாதே என்கிறார் அம்மா. லேபில் கேட்டால், 'ஏஎன்ஏ ப்ரொஃபைல்' என்று அடுத்த பரிசோதனை இருக்கிறது, சில ஆயிரம் ஆகும், எடுத்துவிடுங்கள் என்கிறார்கள்.

இது லூபஸா? அந்த ப்ரொஃபைலை உடனே எடுக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி

தம்பி, நான் இம்யூனாலஜி லேபில் டெக்னீஷியன். இந்த மாதிரி ரிப்போர்ட் தினமும் எங்கள் மேசைக்கு வரும். நோய் உண்டா இல்லையா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அந்த ஒரு வரி எப்படி உருவாகிறது என்பதை நான் சொல்கிறேன்.

ஆன்டிபாடி என்பது கிருமியோடு சண்டை போட ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் புரதம். ஏஎன்ஏ என்பது நம் செல்லின் உட்கருவையே குறிவைக்கும் ஆன்டிபாடிகளுக்கான பொதுப் பெயர். அதற்குள் பல வகைகள் உண்டு. கண்ணாடித் தகட்டில் ஹெப்-2 என்ற மனிதச் செல்கள் ஒட்டியிருக்கும். குரல்வளைப் புற்றிலிருந்து வந்தவை என்று நம்பி வளர்க்கப்பட்ட செல்கள் இவை. உண்மையில் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வந்த ஹீலா செல்கள்தான் என்று பின்னாளில் மரபணுச் சோதனைகள் காட்டின. ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியான சீரத்தை நீர்க்கச் செய்து அதன் மேல் விடுவோம். உட்கருவோடு ஒட்டும் ஆன்டிபாடி இருந்தால் ஒட்டிக்கொள்ளும், மற்றதைக் கழுவிவிடுவோம். பிறகு ஒளிரும் சாயம் பூட்டிய இன்னொரு ஆன்டிபாடியை விட்டு, இருட்டறையில் மைக்ராஸ்கோப் வழியே பார்த்தால் பச்சையாக ஒளிரும்.

1:100 என்றால் சீரத்தை நூறு மடங்கு நீர்த்த பிறகும் ஒளி தெரிகிறது என்று பொருள். பல கிட்டுகளில் அதுதான் முதல் படி. 1+ என்பது மங்கலான ஒளி. அதாவது உங்கள் தங்கைக்கு வந்திருப்பது, பாசிட்டிவ் என்று எழுதக்கூடிய மிகக் குறைந்த அளவு.

1997இல் பல நாட்டு லேபுகள் சேர்ந்து ஆரோக்கியமாக இருப்பவர்களின் ரத்தத்தைப் பரிசோதித்தன. 1:40இல் 31.7 சதவீதம் பேருக்கும், 1:80இல் 13.3 சதவீதம் பேருக்கும், 1:160இல் 5 சதவீதம் பேருக்கும், 1:320இல்கூட 3.3 சதவீதம் பேருக்கும் ஏஎன்ஏ பாசிட்டிவ். யாருக்கும் நோய் இல்லை. இதை முதலில் தங்கையிடம் சொல்லுங்கள்.

வண்ணத்துப்பூச்சி

நுண்ணோக்கி அண்ணன் சொன்ன எண்களில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த எண்களைச் சொல்லியே பல பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு லூபஸ். கோயம்புத்தூர்ப் பக்கம். ஆரம்பத்தில் எனக்கும் ஏஎன்ஏ குறைந்த அளவில்தான் இருந்தது. நான் போன இடத்தில் "உங்களுக்கு ஒன்றுமில்லை, டென்ஷன், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்றார்கள். வெயிலில் போனால் கன்னம் சிவக்கும், வாயில் புண் வரும், காலையில் விரலை மடக்க முடியாது. யாரும் இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கவில்லை. கால் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போக ஆரம்பித்த பிறகுதான் பயாப்ஸி எடுத்தார்கள். அதற்குள் சிறுநீரகம் நான்காம் வகை என்ற கடுமையான பாதிப்புக்குப் போயிருந்தது.

இன்னொன்று. அமெரிக்க ராணுவம் வீரர்களின் சீரத்தைப் பல வருடங்களாகச் சேமித்து வைத்திருக்கிறது. அதை வைத்து 2003இல் ஒரு ஆய்வு வந்தது. பின்னாளில் லூபஸ் வந்த 130 பேரின் பழைய சீரத்தை எடுத்துப் பார்த்தால், 115 பேருக்கு நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே ஏதாவது ஒரு ஆன்டிபாடி இருந்திருக்கிறது. சிலருக்கு 9 வருடத்துக்கும் முன்னாலேயே. ஏஎன்ஏ, ரோ என்ற உட்பிரிவு ஆன்டிபாடி போன்றவை முதலில் வருகின்றன. எஸ்எம், ஆர்என்பி போன்ற உட்பிரிவுகள் நோய் நெருங்கும்போது வருகின்றன. அப்படியிருக்க, 1:100 ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வது? தம்பி, தங்கையின் வலியை அலட்சியம் செய்யாதீர்கள்.

கணக்குப்பிள்ளை

சகோதரி, உங்களுக்கு நடந்தது அநியாயம். வலியை அலட்சியம் செய்யக் கூடாது என்பதிலும் நான் உங்கள் பக்கம்தான். ஆனால் அந்த ஆய்வைப் படிக்கும் திசை முக்கியம். அது லூபஸ் வந்தவர்களிடமிருந்து பின்னோக்கிப் போனது. லூபஸ் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு முன்பே ஆன்டிபாடி இருந்தது என்றால், ஆன்டிபாடி இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு லூபஸ் வரும் என்று ஆகாது. இரண்டும் வேறு வேறு வாக்கியங்கள்.

நான் புள்ளியியல் பாடம் எடுப்பவன். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அசதி, உடம்பு வலி என்று 10,000 பேர் லேபுக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 10 பேருக்கு உண்மையில் லூபஸ். இது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண். அந்த 10 பேருக்கும் ஏஎன்ஏ பாசிட்டிவ் வரும். மீதி 9,990 பேரில் 1:80 அளவில் 13.3 சதவீதம், அதாவது சுமார் 1,329 பேருக்கும் வரும். மொத்தம் 1,339 பாசிட்டிவ் ரிப்போர்ட். அதில் லூபஸ் 10. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

இப்போது அதே பரிசோதனையை வேறு கூட்டத்தில் செய்வோம். கன்னத்தில் சிவப்பு, வாய்ப்புண், மூட்டு வீக்கம், சிறுநீரில் புரதம் உள்ள 100 பெண்கள். இவர்களில் 50 பேருக்கு லூபஸ் என்று வையுங்கள். 50 பாசிட்டிவ் அங்கே, மீதி 50 பேரில் ஒரு 7. ஆக 57இல் 50. பரிசோதனை மாறவில்லை, கிட் மாறவில்லை. யாருக்கு எடுத்தோம் என்பது மட்டும் மாறியது.

வண்ணத்துப்பூச்சி அவர்கள் ரிப்போர்ட்டோடு வந்தபோது இரண்டாவது கூட்டத்தில் இருந்தார். பார்த்தவர்கள் அவரை முதல் கூட்டத்தில் வைத்துவிட்டார்கள். ஆன்டிபாடியை நம்பாததால் வந்த பிழை இல்லை அது. உடம்பில் தெரிந்த அறிகுறிகளைக் கேட்காததால் வந்தது.

வாதமருத்துவர்

நான் வாத நோய்ப் பிரிவில், அதாவது மூட்டு நோய்களையும் லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய்களையும் பார்க்கும் பிரிவில், பணிபுரியும் மருத்துவர். இங்கே யாருக்கும் நோய் கண்டறிந்து சொல்ல முடியாது, பொதுவாகச் சொல்கிறேன். மேலே பேசிய இருவரும் சொல்வது ஒன்றோடொன்று மோதவில்லை.

2019இல் ஐரோப்பிய, அமெரிக்க வாத நோய் அமைப்புகள் சேர்ந்து லூபஸுக்கான வகைப்பாட்டு விதிகளை வெளியிட்டன. அதில் ஏஎன்ஏ 1:80 அல்லது அதற்கு மேல் இருப்பது வாசற்படி மட்டும். அதற்கு மதிப்பெண்ணே கிடையாது. உள்ளே வந்த பிறகுதான் புள்ளிகள்: காய்ச்சலுக்கு 2, முடி கொட்டுவதற்கு 2, வாய்ப்புண்ணுக்கு 2, வெள்ளையணு குறைந்தால் 3, தட்டணு குறைந்தால் 4, மூட்டழற்சிக்கு 6, கன்னச் சிவப்பு போன்ற தோல் பாதிப்புக்கு 6, சிறுநீரில் ஒரு நாளைக்கு அரை கிராமுக்கு மேல் புரதம் போனால் 4, பயாப்ஸியில் மூன்றாம் அல்லது நான்காம் வகைச் சிறுநீரகப் பாதிப்பு தெரிந்தால் அது ஒன்றுக்கே 10. டிஎஸ்-டிஎன்ஏ (இரட்டை இழை டிஎன்ஏவுக்கு எதிரானது) அல்லது எஸ்எம் ஆன்டிபாடி இருந்தால் 6. எதிர்ப்பு மண்டலப் புரதங்களான சி3, சி4 இரண்டும் குறைந்திருந்தால் 4. மொத்தம் 10 வர வேண்டும், அதில் குறைந்தது ஒன்றாவது உடம்பில் தெரியும் அறிகுறியாக இருக்க வேண்டும். வேறு காரணம் இருந்தால் அந்தப் புள்ளியைச் சேர்க்கக் கூடாது. ஒரே பிரிவில் பல அறிகுறிகள் இருந்தாலும் அதிகப் புள்ளி உள்ள ஒன்றை மட்டுமே எடுக்க வேண்டும்.

இந்த விதிகள் ஆய்வுகளுக்காக எழுதப்பட்டவை. வீட்டில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். இவற்றை இங்கே எழுதியதற்குக் காரணம், மொத்தக் கணக்கில் ஆன்டிபாடிக்கு எவ்வளவு இடம், உடம்புக்கு எவ்வளவு இடம் என்று நீங்களே பார்க்கலாம். மூட்டழற்சிக்கு 6 புள்ளி என்றேன். வெறும் வலிக்கு அது கிடைக்காது. இரண்டு மூட்டுகளாவது வீங்கியிருக்க வேண்டும், அல்லது அழுத்தினால் வலியும் காலையில் அரை மணி நேரமாவது விறைப்பும் இருக்க வேண்டும்.

நெல்லைத்தம்பி, தங்கைக்குக் காலை விறைப்பு எவ்வளவு நேரம்? வெயில் பட்டால் தோலில் ஏதாவது வருகிறதா? குளிரில் விரல் நுனி வெளுத்து நீலமாகிறதா? கண், வாய் வறட்சி உண்டா? சிறுநீர்ப் பரிசோதனை செய்தீர்களா? அந்த பேக்கேஜில் அது இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். மிகக் குறைந்த செலவில், லூபஸில் மிக முக்கியமானதைச் சொல்லும் பரிசோதனை அதுதான்.

நெல்லைத்தம்பி

டாக்டர், அவளிடம் கேட்டேன். காலை விறைப்பு ஐந்து பத்து நிமிடம்தான். தோல், வாய்ப்புண், விரல் நீலமாவது எதுவும் இல்லை. சிறுநீர் பார்க்கவில்லை. அந்த ப்ரொஃபைலை இப்போது எடுக்கவா, வேண்டாமா? அவள் பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்று துடிக்கிறாள்.

வாதமருத்துவர்

பொறுங்கள். ஏஎன்ஏ பாசிட்டிவ், அதோடு நோயைச் சந்தேகிக்கும் அறிகுறிகளும் இருந்தால்தான் உட்பிரிவு ஆன்டிபாடிகளைத் தேட வேண்டும் என்று அமெரிக்க வாத நோய் மருத்துவர் அமைப்பு (ஏசிஆர்) 2013இலேயே சொல்லிவிட்டது. முதலில் ஒருவர் உடம்பைப் பார்க்கட்டும்.

நுண்ணோக்கி

லேபுக்காரன் என்ற முறையில் இதை நானும் வழிமொழிகிறேன், காரணத்தோடு.

ப்ரொஃபைல் என்பது பெரும்பாலும் ஒரு பட்டை. அதில் வரிசையாகக் கோடுகள்: ஆர்என்பி, எஸ்எம், ரோ-60, ரோ-52, லா, எஸ்சிஎல்-70, ஜோ-1, சென்ட்ரோமியர், டிஎஸ்-டிஎன்ஏ, ஹிஸ்டோன் இப்படி. சீரத்தில் நனைத்தால் எந்தக் கோடு கறுக்கிறதோ அந்த ஆன்டிபாடி. ஒவ்வொன்றுக்கும் தவறாகப் பாசிட்டிவ் காட்டும் வாய்ப்பு கொஞ்சம் கொஞ்சம் உண்டு. பதினைந்து கோடுகளை ஒரே சமயத்தில் பார்த்தால் ஏதாவது ஒன்று லேசாகக் கறுப்பதற்கான வாய்ப்பும் கூடுகிறது. ரிப்போர்ட்டில் 'பார்டர்லைன்', '1+' என்று வரும். அதைப் பார்த்த குடும்பம் இன்னும் ஒரு மாதம் தூங்காது. ரோ-52 மட்டும் தனியாக வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். லூபஸில் வரும், தசை அழற்சியில் வரும், நுரையீரல் நோயில் வரும், கல்லீரல் நோயில் வரும். அதை வைத்து ஒரு நோயின் பெயரைச் சொல்ல முடியாது.

வடிவம் பற்றியும் ஒரு வார்த்தை. ஏஎன்ஏ வடிவங்களுக்குச் சர்வதேசக் குழு ஒன்று எண் கொடுத்திருக்கிறது. ஒரே சீராக ஒளிர்ந்தால் ஏசி-1, சென்ட்ரோமியர் ஏசி-3, ஃபைன் ஸ்பெக்கிள்ட் ஏசி-4. ஏசி-2 என்று ஒன்று உண்டு, நெருக்கமான நுண்புள்ளி வடிவம். அதற்குக் காரணமான டிஎஃப்எஸ்-70 ஆன்டிபாடி மட்டும் இருந்து வேறொன்றும் இல்லை என்றால், பெரும்பாலும் அவருக்கு இந்த வகை நோய் இருக்காது. ஏசி-2, ஏசி-4 இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கண்ணுக்குப் பழக்கம் வேண்டும். நல்ல லேப், அனுபவமுள்ள ஆள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

டிஎஸ்-டிஎன்ஏ பரிசோதனைகளிலும் தரம் வேறு வேறு. எலிசா என்ற நிறமாற்றத்தை அளக்கும் முறை சின்ன அளவையும் பிடித்துவிடும், சில நேரம் இல்லாததையும் பிடிக்கும். கிரிதிடியா முறை என்று ஒன்று. வீட்டு ஈயின் குடலில் வாழும் ஒற்றைச் செல் உயிரி அது. அதன் உடம்புக்குள் ஒரு மூலையில் இரட்டை இழை டிஎன்ஏ மட்டும் உருண்டையாகக் குவிந்திருக்கும். அது ஒளிர்ந்தால் சந்தேகமே வேண்டாம் என்கிற அளவுக்கு உறுதி. ஆனால் குறைந்த அளவில் இருப்பதைத் தவறவிடும். ஒரு ஈயின் ஒட்டுண்ணி மனிதருக்குத் தீர்ப்பு எழுதுவதை முதன்முதலில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. இன்றும் அந்தத் தகட்டை எடுக்கும்போது விரும்பித்தான் பார்க்கிறேன்.

வண்ணத்துப்பூச்சி

டாக்டர் சொல்வது சரி. ஆனால் வாத நோய் மருத்துவர் எல்லா ஊரிலும் இல்லையே. கிராமத்திலிருந்து ஒரு பெண் வேலையை விட்டு, துணைக்கு ஆள் பிடித்து, பஸ் ஏறி வருகிறாள். வந்த பிறகு ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்து அலைய விட்டால் அவள் மறுபடி வரவே மாட்டாள். போகும்போது கையில் என்ன இருந்தால் நல்லது, அதைச் சொல்லுங்கள்.

வாதமருத்துவர்

நியாயமான கேள்வி, அக்கா. முழு ரத்த எண்ணிக்கை, அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர், சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், சிறுநீர் வழக்கப் பரிசோதனை, சிறுநீரில் புரதம்-கிரியாட்டினின் விகிதம், தைராய்டுக்கு டிஎஸ்எச். இவற்றை உங்கள் ஊர் மருத்துவரே எழுதித் தரலாம். அறிகுறிகள் வலுவாக இருந்தால் சி3, சி4, டிஎஸ்-டிஎன்ஏ சேர்க்கலாம். சென்னை மருத்துவக் கல்லூரியில் வாத நோய்க்கென்றே தனி நிறுவனம் இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரிலும் வேலூர் சிஎம்சியிலும் இதற்கான துறைகள் உண்டு. சென்னையில் இருக்கும் பெண்ணுக்கு அரசுப் பொது மருத்துவமனையே போதும்.

மீன்பாடும்தேன்நாடு

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். இந்த இழையை வாசித்ததும் எழுதத் தோன்றியது. என் மனைவி கர்ப்பமாக இருந்தபோது கிளினிக்கில் வழமைபோல் விடிஆர்எல் எடுத்தார்கள். பாசிட்டிவ். அது சிபிலிஸ் நோய்க்கான பரிசோதனை என்று தாதி சொன்னதும் எங்கள் இருவருக்கும் நிலம் நழுவியது. ஒருவரை ஒருவர் சந்தேகிக்கும் நிலைமைக்கே வந்துவிட்டோம். உறுதிப்படுத்தும் பரிசோதனை செய்தபோது அந்த நோய் இல்லை என்று தெரிந்தது. பிறகு ஒரு வைத்தியர், முன்பு கரு கலைந்ததா என்று கேட்டார். கலைந்திருந்தது, ஒன்றுக்கு மேல். அப்போதுதான் கார்டியோலிபின் ஆன்டிபாடி என்ற சொல்லையே கேள்விப்பட்டோம். இதுவும் நீங்கள் கதைக்கும் விஷயம்தானே?

வாதமருத்துவர்

இதேதான், சகோதரரே. விடிஆர்எல் பரிசோதனையில் பயன்படும் பொருளே கார்டியோலிபின் என்ற கொழுப்பு. அதற்கு எதிரான ஆன்டிபாடி உள்ளவர்களுக்குச் சிபிலிஸ் இல்லாமலேயே பாசிட்டிவ் வரும். இந்தக் குழுவில் மூன்று: கார்டியோலிபின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன், லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட். இவை ரத்தக்குழாயில் ரத்த உறைவை உண்டாக்கும், கருவைக் கலைக்கும். லூபஸ் இல்லாதவர்களுக்கும் வரலாம். மூன்றாவதன் பெயருக்கு 'உறைவைத் தடுப்பது' என்று பொருள், அதைப் பார்த்து ரத்தம் உறையாது என்று நினைத்துவிட வேண்டாம். பரிசோதனைக் குழாயில் உறைவது தாமதமாகும், உடம்புக்குள்ளோ உறைவு அதிகமாகும்.

இவை ஒரு முறை பாசிட்டிவ் வந்தால் போதாது. காய்ச்சல், தொற்று நேரத்தில் வந்து மறையக்கூடியவை. குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி எடுத்து, அப்போதும் இருந்தால்தான் கணக்கு. உறுதியானால் அடுத்த கர்ப்பத்தில் உறைவைத் தடுக்க ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் கொடுத்துப் பெரும்பாலான குழந்தைகளைக் காப்பாற்ற முடிகிறது.

மீன்பாடும்தேன்நாடு

எங்களுக்கும் ஊசி போட்டார்கள். மகள் பள்ளிக்கூடம் போகிறாள்.

ஆனைமலைத்தென்றல்

நான் ரோ ஆன்டிபாடி உள்ள தாய். எனக்கு எந்த நோயும் தெரியவில்லை, கண் கொஞ்சம் வறளும், அவ்வளவுதான். முதல் கர்ப்பத்தில் ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு அறுபதுக்கும் கீழே இருந்தது. 110க்கு மேல் இருக்க வேண்டியது. ஸ்கேன் செய்தவர் பேசாமல் இன்னொருவரைக் கூப்பிட்டார். பிறகுதான் என் ரத்தத்தை எடுத்தார்கள். ரோ மிக அதிகம். அது தொப்புள்கொடி வழியாகப் போய், குழந்தையின் இதயத்தில் மின்துடிப்பைக் கடத்தும் பாதையைச் சிதைத்துவிட்டது. பிறந்ததும் பேஸ்மேக்கர் வைத்தார்கள். பையன் இன்று ஓடி விளையாடுகிறான், ஆனால் அந்தக் கருவியோடுதான்.

ப்ரொஃபைல் வேண்டாம் என்று எல்லோரும் சொல்லும்போது என் போன்றவர்கள் விடுபட்டுப் போகிறோமோ என்று எனக்குப் பயம். எனக்கு முன்பே தெரிந்திருந்தால் கண்காணித்திருப்பார்களே?

வாதமருத்துவர்

உங்கள் பயம் புரிகிறது, அதற்கு உரிய மரியாதை கொடுத்தே பதில் சொல்கிறேன். ரோ உள்ள தாய்மார்களில் முதல் குழந்தைக்கு இப்படி இதயத் தடை வருவது நூற்றுக்குச் சுமார் இரண்டு பேருக்குத்தான். ஆகவே ரோ பாசிட்டிவ் என்று தெரிந்த யாரும் இதைக் கேட்டுக் குழந்தையே வேண்டாம் என்று முடிவெடுக்கக் கூடாது. லூபஸ், கண்ணும் வாயும் வறளும் ஷோக்ரன் நோய் உள்ள எந்தப் பெண்ணும் கர்ப்பம் திட்டமிடும்போது ரோ, லா கட்டாயம் பார்க்க வேண்டும். ஐந்தாம் மாதத்தை ஒட்டி வாரங்களைக் கணக்கிட்டுக் கருவின் இதயத்தை எக்கோ பார்க்கிறார்கள். கண், வாய் வறட்சி உள்ளவர்களையும் இதில் சேர்க்கலாம். அறிகுறியே இல்லாத எல்லாப் பெண்களுக்கும் எடுப்பதா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. நான் எடுக்கச் சொல்வதில்லை. உங்கள் கதையைக் கேட்கும்போது அந்த முடிவு எளிதாக இல்லை.

ஒரு முறை இதயத் தடை வந்த தாய்க்கு அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் என்று கணக்கிட்டிருந்தார்கள். 2020இல் வெளியான ஆய்வில் கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே லூபஸுக்குக் கொடுக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை தொடங்கிய தாய்மார்களிடம் அது 7.4 சதவீதமாக இருந்தது. அடுத்த குழந்தை பற்றி யோசித்தால், கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள்.

இன்னொரு நுணுக்கம்: ரோ இருந்தும் சாதாரண ஏஎன்ஏ ஸ்லைடில் நெகட்டிவ் வரலாம். அந்தச் சந்தேகம் இருந்தால் ரோவைத் தனியாகத்தான் கேட்க வேண்டும்.

சேலத்துமாம்பழம்

குறுக்கே ஒரு கேள்வி. என் அத்தைக்குக் கல்லீரல் கோளாறு. 'ஸ்மூத் மசில் ஆன்டிபாடி' பாசிட்டிவ். எஸ்எம் என்றால் லூபஸ் என்று மேலே படித்தேன். அவருக்கும் லூபஸா?

நுண்ணோக்கி

இல்லை, இரண்டும் வேறு. லூபஸுக்கான எஸ்எம் என்பது 1966இல் நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் எங் டான், ஹென்றி குங்கல் இருவரும் ஒரு நோயாளியின் சீரத்தில் கண்டது. அந்த நோயாளியின் பெயரிலிருந்து சுருக்கியது. லூபஸ் உள்ளவர்களில் சிறு பகுதியினருக்குத்தான் அது இருக்கும், ஆனால் இருந்தால் லூபஸ் என்று ஏறத்தாழ உறுதி. உங்கள் அத்தைக்கு வந்திருப்பது தசைக்கு எதிரானது, தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சியில் பார்ப்பது. கல்லீரல் மருத்துவரிடம் காட்டுங்கள். எங்கள் லேபிலேயே டாக்டர்கள் 'எஸ்எம்' என்று மட்டும் எழுதி அனுப்பினால் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் எடுப்போம்.

காவேரிக்கரை

காசநோய்க்கு மாத்திரை சாப்பிடும் என் அண்ணனுக்கு ஏஎன்ஏ பாசிட்டிவ். காசநோயிலும் இது வருமா?

வாதமருத்துவர்

வரும். காசநோய், தொழுநோய், மலேரியா போன்ற நீண்ட தொற்றுகளில் ஏஎன்ஏ, ஆர்ஏ ஃபேக்டர் எல்லாம் பாசிட்டிவ் ஆகலாம். நம் ஊரில் இதை மறந்தால் பெரிய ஆபத்து. காசநோய் உள்ளவருக்கு லூபஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் தொற்று பரவிவிடும். அதோடு ஐசோனியசிட் மாத்திரையே சிலருக்கு ஏஎன்ஏவைக் கொண்டுவரும். மூட்டு வலி, காய்ச்சல், நெஞ்சுக்கூட்டில் நீர் என்று அறிகுறியும் சேர்ந்தால் அதை மருந்தால் வந்த லூபஸ் என்போம். அதில் ஹிஸ்டோன் ஆன்டிபாடி பெரும்பாலும் இருக்கும். மருந்தை மாற்றினால் அடங்கிவிடும். ஆனால் உங்கள் அண்ணன் தானாக மாத்திரையை நிறுத்தவே கூடாது. ஏஎன்ஏ மட்டும் பாசிட்டிவ், வேறு தொந்தரவு இல்லை என்றால் மாத்திரை தொடரட்டும்.

வண்ணத்துப்பூச்சி

லூபஸ் ஏற்கெனவே இருப்பவர்களுக்காக ஒன்று. ஏஎன்ஏவை மாதாமாதம் எடுத்துக்கொண்டிருக்கும் தோழிகள் எனக்கு உண்டு. அது ஏறினாலும் இறங்கினாலும் நோயைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை என்று என் டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். அந்தக் காசைச் சிறுநீருக்கும், டிஎஸ்-டிஎன்ஏ, சி3, சி4க்கும் செலவிடுங்கள். எனக்கு டிஎஸ்-டிஎன்ஏ ஏறி, சி3 இறங்கினால் அடுத்த சில வாரங்களில் சிறுநீரகம் சேட்டை செய்யும். எல்லோருக்கும் அப்படி இல்லையாம்.

வாதமருத்துவர்

ஆமாம். சிலருக்கு டிஎஸ்-டிஎன்ஏ வருடக்கணக்கில் உயர்ந்தே இருக்கும், உடம்பில் ஒன்றும் இராது. எண்ணைப் பார்த்து ஸ்டீராய்டை ஏற்றுவதில்லை, பார்க்கும் இடைவெளியைக் குறைப்போம். எண் இறங்கிவிட்டது என்று ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை நிறுத்திவிட்டு, நோய் கிளம்பி வருபவர்களைப் பார்க்கும்போதுதான் மனம் வலிக்கிறது. அந்த மாத்திரைக்கு வருடாந்திரக் கண் பரிசோதனை செய்துகொண்டு தொடருங்கள்.

நெல்லைத்தம்பி

எல்லோருக்கும் நன்றி. அரசுப் பொது மருத்துவமனைக்கு அவளை அழைத்துப் போனோம். டாக்டர் ஒவ்வொரு மூட்டாக அழுத்திப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், நகக்கண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். வீக்கம் எங்கும் இல்லை. சிறுநீர் சுத்தம், ரத்த எண்ணிக்கை சரி, சி3, சி4 சரி, டிஎஸ்-டிஎன்ஏ நெகட்டிவ். ஆனால் டிஎஸ்எச் மிகவும் ஏறியிருந்தது, அதாவது தைராய்டு குறைவாகச் சுரக்கிறது. தைராய்டுக்கு எதிரான டிபிஓ ஆன்டிபாடியும் அதிகம். அசதி, முடி கொட்டுவது, உடம்பு வலி எல்லாவற்றுக்கும் அதுதான் காரணமாக இருக்கும் என்றார். தைராக்ஸின் மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது. தைராய்டு இப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் பலருக்கு ஏஎன்ஏ லேசாக வருவது உண்டு என்றும் சொன்னார்.

அம்மாவிடம் விளக்கிச் சொன்னேன். வரன் வீட்டில் தைராய்டு மாத்திரை பற்றி மறைக்காமல் சொல்லிவிடலாம் என்று தங்கையே சொல்லிவிட்டாள்.

கடைசியாக ஒன்று, டாக்டர். ஏஎன்ஏவை அடுத்த வருடம் மறுபடி எடுக்க வேண்டுமா? டிபிஓ?

வாதமருத்துவர்

இரண்டும் வேண்டாம். டிஎஸ்எச்சை மட்டும் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் பார்த்து அளவைச் சரிசெய்யச் சொல்லுங்கள். கர்ப்பமானால் அன்றே தைராய்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும், மாத்திரை அளவு கூட்ட வேண்டியிருக்கும். மாத்திரை சரியாகப் பிடித்த பிறகும் மூட்டு வீங்கினால், வெயிலில் தோல் சிவந்தால், வாய்ப்புண் திரும்பத் திரும்ப வந்தால், சிறுநீர் நுரைத்தால், மூச்சிழுக்கும்போது நெஞ்சு வலித்தால் அப்போது வாருங்கள். அந்தப் பழைய ரிப்போர்ட்டைத் தூக்கி எறிய வேண்டாம், ஃபைலில் வைத்திருங்கள்.